ரெசினில் காற்றில்லாத டயர்: 1/35 ஹம்வீக்கு மாட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நிஜ வண்டியில் 35-ல் ஒரு பங்காக இருக்கும் 1/35 அளவில், அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டி மாடல் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கிட்டில், அதாவது ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் அடங்கிய பெட்டியில், வந்த டயருக்குப் பதிலாகத் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் உள்ள காற்றில்லாத ரெசின் (திரவமாக இருந்து இறுகும் பிளாஸ்டிக்) டயர் போடலாமா, எதைப் பார்த்து வாங்குவது, வீட்டிலேயே செய்ய முடியுமா, எப்படிப் பெயின்ட் அடிப்பது என்பது அவர் கேள்வி.

தாராளமாகப் போடலாம், தம்பி. ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த டயரின் அழகு முழுக்க அதன் ஓட்டைகளில்தான் இருக்கிறது. சாதாரண டயர் மாடலில் டிரெட் (தரையில் படும் வெளிப்பரப்பு) வெட்டுகளும் பக்கவாட்டு எழுத்துகளும் சுத்தமாக வந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. காற்றில்லாத டயரில் பார்வை சக்கரத்தைத் தாண்டிப் பின்னால் போகும். ரிம்முக்கும் டிரெட்டுக்கும் நடுவே இருக்கும் வலை வழியாக சஸ்பென்ஷன் கைகள் தெரியும், சக்கரக்குழியின் உள்சுவர் தெரியும், சில கோணங்களில் வண்டிக்கு அந்தப் பக்கத்து வெளிச்சம்கூடத் தெரியும். அந்த வலையின் சுவர் எவ்வளவு மெல்லியது, ஓட்டை மறுபக்கம் வரை போகிறதா, தரையைத் தொடும் இடத்தில் அது எப்படி நசுங்கியிருக்கிறது என்று இந்த மூன்றைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நிஜ டயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எந்த வண்டிக்கு இதை மாட்டலாம் என்பது அதை வைத்துத்தான் தெரியும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து வாசாவ் ஊரில் ரெசிலியன்ட் டெக்னாலஜீஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஹம்வீக்காகத் தேன்கூடு வலை கொண்ட டயரை உருவாக்கியது அவர்கள்தான். குண்டு துளைத்தாலும் வெடியில் ஒரு பகுதி பிய்ந்து போனாலும் வண்டி அந்த இடத்தைவிட்டு ஓடித் தப்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். 2012-ல் அந்த நிறுவனத்தைப் போலாரிஸ் வாங்கியது. 2013 கடைசியில் ஸ்போர்ட்ஸ்மேன் டபிள்யூவி850 என்ற கரடுமுரடான தரையில் ஓடும் நாலு சக்கர ஏடிவி வண்டியில் இதே வகை டயரை ‘டெரைன்ஆர்மர்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 0.50 காலிபர் தோட்டா துளைத்த பிறகும் 350 மைல், நம் கணக்கில் 560 கிலோமீட்டர், ஓட்டிப் பார்த்ததாக அறிவித்தார்கள். இதற்கு முன்பே, 2005-ல் மிஷ்லின் டயர் நிறுவனம் ட்வீல் என்ற தன் காற்றில்லாத சக்கரத்தை வெளியிட்டிருந்தது. அதில் தேன்கூடு கிடையாது, பாலியூரித்தேன் ஸ்போக்குகள் வரிசையாக நிற்கும். 2014-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் அதற்கென்று ஓர் ஆலை திறந்தார்கள். அது போய்ச் சேர்ந்ததெல்லாம் பெரும்பாலும் சின்ன லோடர் வண்டிகளுக்கும் புல்வெட்டும் வண்டிகளுக்கும்தான்.

இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ரோந்து போன ஹம்வீக்கள் காற்று டயரில்தான் போயின. அந்த டயருக்குள் ரிம்மைச் சுற்றி ரன்ஃபிளாட் என்ற வளையம் இருக்கும். காற்று முழுக்கப் போனாலும் மணிக்கு 30 மைல் வேகத்தில் 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர், ஓட்டிக்கொண்டு போக அது உதவும். வெளியில் இருந்து பார்த்தால் சாதாரண டயர்தான். ஆகவே உங்கள் கிட்டில் பாக்தாத் தெருவில் ஓடிய வண்டியின் அடையாள ஸ்டிக்கர்களை ஒட்டப் போகிறீர்கள் என்றால், தேன்கூடு டயர் அதற்குப் பொருந்தாது. நல்ல ரெசின் காற்று டயர் செட் வாங்கி மாட்டுங்கள். தேன்கூடு டயர்தான் வேண்டும் என்றால் வண்டியைச் சோதனைக் களத்து வண்டியாகக் கட்டுங்கள். படைப்பிரிவு அடையாளம் வேண்டாம், கூரையில் துப்பாக்கி வேண்டாம், பின்னால் மூட்டை முடிச்சு வேண்டாம். ஒரே நிறத்தில், கொஞ்சம் சுத்தமாக, சக்கரங்களில் மட்டும் மண்ணோடு நிற்கட்டும். என் கருத்தில் இந்த டயர் எடுப்பாகத் தெரிவதும் அப்படித்தான். மற்ற விவரங்கள் அடங்கி இருக்கும்போது கண் நேராகச் சக்கரத்துக்குப் போகும்.

இவ்வளவு நல்ல டயர் ஏன் எல்லா ராணுவ வண்டிக்கும் வரவில்லை என்று கேட்பீர்கள். வேகமாகப் போனால் வலை திரும்பத் திரும்ப வளைந்து சூடாகும். முதலில் வந்த ட்வீல்கள் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் அதிர்ந்தன, சத்தமும் அதிகம். ஓட்டைக்குள் சேறும் கல்லும் புகுந்து அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, மணலில் போகும்போது காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் தரையில் அகலமாகப் படியும், வண்டி புதையாது. காற்றே இல்லாத டயரில் அந்த வசதி கிடையாது.

சரி, எடையை இது எப்படித் தாங்குகிறது? இதைப் புரிந்துகொண்டால் மாடலில் எது சரி, எது தப்பு என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். ட்வீல் வகையில் வெளி வளையம் விறைப்பானது. வண்டியின் சக்கர அச்சு அந்த வளையத்தின் மேல்பாதியில் இருந்து ஸ்போக்குகள் வழியாக, உறியில் பானை தொங்குகிற மாதிரி தொங்குகிறது. மேலே இருக்கும் ஸ்போக்குகள் இழுபட்டு நேராக நிற்கும். தரையை ஒட்டிய சில ஸ்போக்குகள் மட்டும் எடை ஏறாமல் வளைந்து மடங்கியிருக்கும். தேன்கூடு வகையில் கீழ் அறைகள் நசுங்கியும் மேல் அறைகள் இழுபட்டும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டிலும் தரை தொடும் இடத்தில் டிரெட் தட்டையாகும், அதற்கு நேர் மேலே உள்ள அறைகள் உயரம் குறைந்து படுத்திருக்கும். காற்று டயரில் அடிப்பக்கம் பக்கவாட்டில் பிதுங்கும் இல்லையா, அந்தப் பிதுக்கம் இதில் வராது. உள்ளிருந்து வெளிப்பக்கம் தள்ளுவதற்குக் காற்றே இல்லை. காற்றில்லாத டயர் செட் ஒன்றில் பக்கவாட்டுப் பிதுக்கம் தெரிந்தால், செய்தவர் நிஜ டயரைப் பார்க்காமல் செய்திருக்கிறார் என்று அர்த்தம். எல்லா அறைகளும் காம்பஸ் வைத்து வரைந்தது போல ஒரே அளவில் இருந்தால், வண்டி ஜாக்கியில் தூக்கி நிற்பது போலத்தான் தெரியும்.

இப்போது அளவுக்கு வருவோம். ஹம்வீயின் ரேடியல் டயர் 37 அங்குல உயரம், 12.5 அங்குல அகலம். 1/35-ல் அது ஏறத்தாழ 27 மி.மீ. உயரம், 9 மி.மீ. அகலம். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் இந்த இரண்டு எண்ணையும் கேளுங்கள். 25 மி.மீ. என்றால் வண்டி குனிந்த மாதிரி ஆகிவிடும். வலைச் சுவர்தான் பெரிய சிக்கல். நிஜத்தில் 10 மி.மீ. கனமுள்ள சுவர் என்று வைத்துக்கொண்டால் 1/35-ல் அது 0.3 மி.மீ.கூட இல்லை. 1/72-ல் 0.14 மி.மீ. ஆகிவிடும், அதைத் தனியாக நிற்க வைப்பதே கஷ்டம். அதனால் எல்லோருமே சுவரைக் கொஞ்சம் கனமாகத்தான் செய்கிறார்கள். 0.4 மி.மீ. வரை கண் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் போனால் தேன்கூடு போய், ஓட்டை போட்ட கட்டை மாதிரி ஆகிவிடும்.

சிலிக்கான் மோல்டில் ஊற்றி வார்த்த ரெசினும், 3டி பிரின்டரில் எடுத்த ரெசினும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. வார்ப்பில் ஒவ்வொரு ஓட்டைக்கும் மோல்டுக்குள் ஒரு மெல்லிய சிலிக்கான் தூண் நிற்க வேண்டும். 9 மி.மீ. நீளத் தூண்கள் நிறைய. டயரை ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் அவை கிழியும். அதைத் தவிர்க்க, ஓட்டையைப் பாதி ஆழத்தோடு நிறுத்திவிட்டுப் பின்னால் சுவர் விட்டுவிடுவது ஒரு வழி. கறுப்பு பெயின்ட் அடித்தால் பள்ளம் போலத் தெரியும், ஆனால் வெளிச்சம் ஊடுருவாது, நான் சொன்ன அழகு போய்விடும். டயரை நடுவில் இரண்டு வட்டாக வெட்டி, தனித்தனியாக வார்த்து ஒட்டும்படி செய்வது இன்னொரு வழி. ஓட்டைகள் நேர்கோட்டில் சேர்ந்தால் அது மிக நன்றாக இருக்கும். பிரின்டரில் இந்தத் தொல்லை இல்லை. எல்சிடி வகைப் பிரின்டர்களில் ஒரு பிக்சல் 0.02 முதல் 0.05 மி.மீ. வரை இருக்கும். 0.3 மி.மீ. சுவரை எடுத்துவிடலாம். ஆனால் பிரின்ட் ரெசின் நொறுங்கும் தன்மை உடையது, வார்ப்பு பாலியூரித்தேன் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இந்த டயர் ஒன்றுக்கு மட்டும் நான் பிரின்டைத்தான் சொல்வேன். மற்றபடி சாதாரண டயர், ரிம் எல்லாவற்றுக்கும் நல்ல வார்ப்பு செட் போதும்.

பார்சல் வந்ததும் டயரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எல்லா அறையிலும் வெளிச்சம் வர வேண்டும். பிரின்ட் என்றால் ஓட்டைக்குள் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று பல்குத்தும் குச்சியால் தொட்டுப் பாருங்கள். சரியாகக் கழுவாத ரெசின் மூலையில் தங்கியிருந்தால் பின்னால் அது கசிந்து பெயின்ட்டைத் தூக்கும், சுவரிலும் விரிசல் விழும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ் வைத்துக் கழுவி, காற்று ஊதி, நன்றாக உலர்ந்த பிறகு புற ஊதா விளக்கில் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். வார்ப்பு என்றால் மோல்டு எண்ணெய் போகப் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷும் போதும். ரெசின் ஊற்றிய வாயில் ஒட்டி நிற்கும் கட்டையை ரேசர் சா என்ற மெல்லிய ரம்பத்தால் அறுக்கும்போது டயரின் டிரெட் பக்கத்தைப் பிடியுங்கள், வலையை அழுத்தினால் போச்சு. உப்புத்தாள் போடுவதெல்லாம் தண்ணீரில் நனைத்துத்தான். ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் போடாமல் உட்காராதீர்கள்.

வீட்டில் செய்ய முடியுமா என்றால், முடியும். ஆனால் நம் பக்கத்து ஈரக்காற்றோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் கடலை ஒட்டிய இடம். பாலியூரித்தேன் ரெசினின் ஒரு பாகத்தில் இருக்கும் ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகும். ஊற்றிய டயருக்குள் நுரை நுரையாகக் குமிழி வருவது அதனால்தான். பாட்டிலைத் திறந்தால் அளந்து எடுத்த கையோடு மூடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஏசி ஓடும் அறை இருந்தால் அங்கே ஊற்றுங்கள். ஈரமும் குறையும், கத்திரி வெயில் காலத்தில் ரெசின் கலக்கும்போதே இறுகிப்போவதும் குறையும். ஐசோசயனேட்டின் ஆவியும் நல்லதில்லை என்பதால் வேலை முடிந்ததும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், கைக்கு நைட்ரைல் கையுறை போடுங்கள்.

பிரின்ட் எடுத்த டயரை மூலமாக வைத்து மோல்டு செய்ய நினைத்தால் இன்னொரு விஷயம். பிளாட்டினம் வகை சிலிக்கான் பிரின்ட் ரெசின் மேல் பட்டால் அந்த இடத்தில் இறுகாமல் கொழகொழவென்று நின்றுவிடும். தகர வகை சிலிக்கான் போடுங்கள். அதற்கு ஆயுள் குறைவு, காலப்போக்கில் லேசாகச் சுருங்கும், ஆனாலும் இந்த வேலைக்கு அதுதான் கைகொடுக்கும். இன்னொருவர் உழைத்து வடிவமைத்த செட்டை வாங்கி அதில் மோல்டு எடுத்து விற்காதீர்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒற்றை ஆளாகச் செய்பவர்கள், நாலு பேர் நகல் எடுத்தால் அவர்கள் கடையை மூடிவிடுவார்கள், அப்புறம் நமக்குத்தான் டயர் கிடைக்காது.

வாங்கிய செட்டில் தட்டை இல்லை, முழு வட்டமாக இருக்கிறது என்றால் என்ன செய்வது? வார்ப்பு பாலியூரித்தேனை 70 டிகிரி செல்சியஸ் அளவு சூடான தண்ணீரில் சற்று நேரம் போட்டால் இளகும். எடுத்ததும் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து மெல்ல அழுத்தி, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் காட்டுங்கள். அடி அறைகள் தாமாகவே நசுங்கி நிற்கும். கத்தி வைத்துச் செதுக்குவதைவிட இது இயல்பாக இருக்கும், ஏனென்றால் நிஜ டயரிலும் நடப்பது இதுதான். பிரின்ட் டயரில் இதை முயலாதீர்கள், சுவர் வெடிக்கும். அதற்குத் தட்டையோடு வடிவமைத்த கோப்பாகவே தேடி வாங்குங்கள்.

பெயின்ட்டில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று, இதில் ஒரே கறுப்பு போதாது. டிரெட் ரப்பர், வலை பாலியூரித்தேன். ரப்பர் தேய்ந்து சாம்பலாகிப் பளபளப்பே இல்லாமல் இருக்கும். வலையில் லேசான வழவழப்பு இருக்கும். டிரெட்டுக்கு முழு மேட் கருஞ்சாம்பல், வலைக்கு அதைவிட ஒரு படி கறுப்பான சாட்டின் என்று பிரித்து அடித்தால் இரண்டு பொருள் என்பது தூரத்திலேயே தெரியும். ஓடித் தேய்ந்த சாலிட் டயர் என்ன நிறம் என்று பார்க்க வேண்டுமானால் மணலி, மாதவரம் பக்கத்து கன்டெய்னர் யார்டுகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் டயர்களைக் கவனியுங்கள். ஓரத்தில் சில்லு சில்லாகப் பெயர்ந்திருக்கும், நிறம் கறுப்பே கிடையாது. டயரைப் பற்றிப் படிக்க நம் ஊரைவிட நல்ல இடம் ஏது? எம்ஆர்எஃப் 1946-ல் பொம்மை பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கியதே திருவொற்றியூரில்தான்.

ஏர்பிரஷ்ஷில் அழுத்தத்தைக் குறைத்து, 12 முதல் 15 பிஎஸ்ஐ வைத்து, பெயின்ட்டை நன்றாகத் தின்னர் கலந்து, டயரின் இரண்டு பக்கமும் சாய்வாகத் திருப்பித் திருப்பி அடியுங்கள். நேராக அடித்தால் ஓட்டைக்குள் வெறும் ரெசின் நிறம் எட்டிப் பார்க்கும். நனைய நனைய அடித்தால் ஓட்டையின் வாயில் ஜவ்வு கட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் வகைப் பெயின்ட் வேலையே வேண்டாம். காற்றில் உள்ள ஈரம் படிந்து பெயின்ட் வெள்ளை பூத்துவிடும். அக்ரிலிக் வைத்துக்கொள்ளுங்கள், கம்ப்ரஸரில் தண்ணீர் பிடிக்கும் டிராப்பை அவ்வப்போது காலி செய்யுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் தெரியும் சஸ்பென்ஷன், சக்கரக்குழி எல்லாவற்றையும் டயர் மாட்டும் முன்பே முழுதாக அடித்து முடிக்க வேண்டும். ஹம்வீயின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்துக்குள் இருக்காது, நடுவில் டிஃபரன்ஷியல் பக்கம் இருக்கும். சக்கரத்தில் கியர் ஹப் மட்டும்தான். அதனால் அங்கே டிஸ்க் எதுவும் சேர்க்க வேண்டாம். கிட்டில் டயருக்குக் காற்று ஏற்றும் குழாயும் வால்வும் இருந்தால் அவற்றைச் செதுக்கி எடுத்துவிடுங்கள். காற்றில்லாத டயருக்கு அது எதற்கு?

சேறு எனக்கு மிகப் பிடித்த பகுதி. சக்கரம் சுற்றும்போது ஓட்டைக்குள் புகுந்த மண் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். அதனால் ஒவ்வொரு அறையிலும் ஹப்பை நோக்கிய சுவர் ஓரளவு சுத்தமாகவும், டிரெட்டை நோக்கிய சுவரில் மண் அப்பியும் இருக்க வேண்டும். அடியில் இருக்கும் அறைகளில் மட்டும் மண் போட்டு மேலே காலியாக விட்டால் வண்டி ஓடவே இல்லை என்றாகிவிடும். வட்டம் முழுக்கப் போடுங்கள், எல்லா அறையையும் ஒரே அளவில் அடைக்காதீர்கள். பிக்மென்ட் என்ற நிறத் தூளை எனாமல் தின்னரில் கலந்து நுனி பிரஷ்ஷால் விட்டு, ஓரிரண்டு அறையில் சின்னக் கல் ஒன்றைச் செருகுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் சாம்பல் தூசி படிந்த லாரிச் சக்கரங்களைப் பார்த்தால் தூசி எந்த மடிப்பில் தங்குகிறது, எங்கே உதிர்கிறது என்பது தெரியும். நிறத்தை மட்டும் அமெரிக்கச் சோதனைக் களத்துக்கு ஏற்றபடி வெளிர் பழுப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நிஜமாகவே போரில் ஓடிய காற்றில்லாத சக்கரம்தான் வேண்டும் என்றால் பின்னால் போய்ப் பாருங்கள். முதல் உலகப் போரில் லாரிகள் பல சாலிட் ரப்பர் டயரில் ஓடின. 1915-ல் ரஷ்யாவில் கட்டிய கார்ஃபோர்ட்-புத்திலோவ் கவச வண்டியும் அப்படித்தான். ஜெர்மனிக்குக் கடல் முற்றுகையால் ரப்பர் வராமல் போனபோது லாரிகளுக்கு இரும்புப் பட்டையும் ஸ்பிரிங்கும் வைத்த சக்கரங்கள் வந்தன. இரண்டாம் போரில் போர்ஷே வடிவமைத்த ஸ்கோடா ராட்ஷ்லெப்பர் ஓஸ்ட் இழுவை வண்டிக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் உயர முழு இரும்புச் சக்கரம். அதற்கும் ரப்பர் பஞ்சம் ஒரு காரணம். சோவியத் கவச கார்கள் சிலவற்றில் டயருக்குள் காற்றுக்குப் பதில் ஸ்பாஞ்ச் ரப்பர் அடைத்திருந்தார்கள், வெளியில் வித்தியாசமே தெரியாது. இவற்றில் ஸ்பிரிங் சக்கரம்தான் தேன்கூட்டுக்கு நெருங்கிய சொந்தம், அதைச் செய்யும் வேலையும் இதைப் போலவே சுவாரசியமானது.

மாட்டும்போது பிளாஸ்டிக் சிமென்ட் வேலைக்கு ஆகாது, அது ரெசினைப் பிடிக்காது. ஹப்பில் 1 மி.மீ. துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகி, எபாக்ஸி வைத்து ஒட்டுங்கள். ஃபெவிக்விக் வகைப் பசை ஆவியில் ஹம்வீயின் கண்ணாடி வெள்ளையாகிவிடும். எபாக்ஸி இறுகுவதற்கு நேரம் எடுக்கும், அது நமக்கு நல்லது. வண்டியைக் கண்ணாடித் தட்டில் நிறுத்தி, நாலு டயரின் தட்டைப் பகுதியும் கீழே வரும்படி திருப்பி, ஒவ்வொரு டயருக்கு அடியிலும் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். எந்தக் காகிதம் சுலபமாக உருவி வருகிறதோ அந்த டயர் தரையைத் தொடவில்லை. கம்பியை அந்தப் பக்கம் லேசாக வளைத்துச் சரிசெய்துவிட்டு, அசைக்காமல் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.